கோக்கோ உலரும் களமும் காவல் நாயும்

தென்னந்தோப்பின் நிழலில் கோக்கோவை ஊடுபயிராக வளர்க்கும் வழக்கம் நம் மாநிலத்தில் இன்று புதுமையன்று. கோயம்புத்தூர் மாவட்டத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளிலும், தேனி, திண்டுக்கல், கன்னியாகுமரி முதலிய மாவட்டங்களிலும் தென்னையின் கீழே இம்மரம் தழைத்து நிற்பதைக் காணலாம். நம் மண் முன்பின் அறியாத பயிரும் அன்று இது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ஆம் ஆண்டிலேயே குற்றாலத்தில் சில கோக்கோச் செடிகளை நட்டுப் பார்த்தனர். வாணிப நோக்குடன் பயிரிடும் முயற்சி தென்னாட்டில் வேரூன்றியது 1960-களின் இடைப்பகுதியிலிருந்துதான். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகச் சந்தையில் கோக்கோவின் விலை டன் ஒன்றுக்கு 10,000 டாலரைத் தாண்டிற்று. அவ்விலை பின்னர் நிலைக்கவில்லை என்றாலும், களத்தில் காயும் கொட்டையைக் காவலில்லாமல் விட்டுவைக்க எவருக்கும் மனம் வராது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பயிர் பரவிய அளவுக்கு, அதனோடு வரவேண்டிய ஒரு செய்தி மட்டும் ஊர்களுக்குள் பரவவில்லை. கோக்கோக் கொட்டை நாய்க்கு நஞ்சாகும். மனிதர் காசு கொடுத்து வாங்கி உண்ணும் பொருள் ஆயிற்றே, அது எங்ஙனம் நஞ்சாகும் என்று கேட்போர் உண்டு. நகரங்களில் வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர்கள் சாக்லேட் அதற்கு ஆகாது என்பதை ஓரளவு கேள்விப்பட்டிருக்கின்றனர். ஆனால் சாக்லேட் என்பது கோக்கோவோடு பாலும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து நீர்க்கச் செய்த பண்டமே. கலப்பில்லாத கொட்டை மூட்டை மூட்டையாக உலர்வது நம் விவசாயிகளின் களத்திலேதான். அக்களத்தில் இரவும் பகலும் படுத்திருப்பது நாயேதான். ஆகவே இச்செய்தி நகரத்தாரைக் காட்டிலும் தோப்புக்காரர்களுக்கே முதலில் வேண்டியது என்று கருதுகிறோம்.

நஞ்சின் தன்மை

சுவீடன் நாட்டுத் தாவர அறிஞரான லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் கோக்கோ மரத்துக்குத் தியோபுரோமா என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் தெய்வங்களின் உணவு என்பது அதன் பொருள். 1841-இல் ருஷ்ய நாட்டு வேதியியலார் ஒருவர் இதன் கொட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். மரத்தின் பெயரையொட்டி அதனைத் தியோபுரோமின் என்று அழைக்கலாயினர். காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீனுக்கு இது உடன்பிறப்புப் போன்றது. கோக்கோவில் கஃபீனும் சிறிதளவு உண்டு. இவ்விரண்டும் இதயத் துடிப்பை முடுக்குகின்றன, நரம்புகளைத் தூண்டுகின்றன, சிறுநீரை மிகுதிப்படுத்துகின்றன.

மனித உடல் இப்பொருளை விரைவில் சிதைத்து வெளியேற்றி விடுகிறது. நாயின் கல்லீரல் அவ்வாறு செய்ய வல்லதன்று. மனிதரின் இரத்தத்தில் புகுந்த தியோபுரோமினில் பாதி அளவு குறைவதற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மணி நேரம் ஆகும்; நாய்க்கு ஏறக்குறைய பதினேழரை மணி நேரம் ஆகிறது. இதனால் விளையும் கேடு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாய் நாள்தோறும் பத்துக் கொட்டை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் தின்றதில் ஐந்தில் இரண்டு பங்கு மறுநாளும் உடலில் எஞ்சி நிற்கிறது. அதன்மேல் இன்னும் பத்து. மூன்றாம் நாள் கொட்டை தின்று முடித்த வேளையில், ஏறக்குறைய பதினைந்து கொட்டையின் நஞ்சு அதன் உடலில் இருக்கும். நேற்றும் தின்றது, முந்தாநாளும் தின்றது, ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடுவது எவ்வளவு தவறானது என்பது இதனால் விளங்கும்.

எவ்வளவு தின்றால் கேடு

நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உட்சென்றால் வாந்தி, தாகம், அமைதியின்மை ஆகிய முதற்குறிகள் தோன்றும். 40 முதல் 50 மில்லிகிராம் சென்றால் இதயத்தின் போக்குக் கெடும். 60 மில்லிகிராம் அளவில் வலிப்பு வரலாம். 100 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உயிருக்கே கேடு. பலவீனமான நாயும், இதய நோயுள்ள நாயும் அதற்குக் குறைந்த அளவிலேயே மடிவதுண்டு.

நம் ஊர்களில் திரியும் நாட்டு நாய் சுமார் 15 கிலோ எடை இருக்கும் என்று கொள்வோம். அதற்கு முதற்குறி தோன்ற 300 மில்லிகிராம் போதும். நன்கு உலர்ந்த கோக்கோக் கொட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ளது. அதில் 10 முதல் 20 மில்லிகிராம் வரை, சில இரகங்களில் அதற்கு மேலும், தியோபுரோமின் இருக்கும். ஆக, 15 முதல் 30 கொட்டை தின்ற நாட்டு நாய் நோய்ப்படும். அது ஒரு கைப்பிடி அளவுக்கு மேற்படாது. 45 முதல் 90 கொட்டை தின்றால் வலிப்பு வரும் நிலை உண்டாகும். ஒரு காயினுள் முப்பது நாற்பது கொட்டைகள் இருப்பதால், இரண்டு மூன்று காய்களின் கொட்டை ஒரு காவல் நாயைச் சாய்க்கப் போதுமானது. ஈரக் கொட்டையாயினும் உலர்ந்த கொட்டையாயினும் எண்ணிக்கையில் வேறுபாடு மிகுதியில்லை. உலரும்போது போவது நீரே. பெரிய உடலுள்ள ராஜபாளையம் நாய்க்கு இக்கணக்கைச் சற்று உயர்த்திக் கொள்ளலாம். குட்டிக்கோ வெகுவாகத் தாழ்த்திக் கொள்ள வேண்டும்.

இனி, கடையில் விற்கும் பண்டங்களை நோக்குவோம். பால் சாக்லேட்டில் கிராம் ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோபுரோமின்தான் உண்டு. மேற்சொன்ன நாட்டு நாய்க்கு முதற்குறி தோன்றவும் 150 கிராம் வேண்டும். பள்ளிப் பிள்ளை தன் கையிலிருந்த மிட்டாயில் ஒரு துண்டை நாய்க்கு எறிந்தது என்பதற்காக வீடே கலங்க வேண்டியதில்லை. வெள்ளைச் சாக்லேட்டில் இந்நஞ்சு இல்லை என்றே சொல்லலாம். கருமையான சாக்லேட்டில் பாலோடு சேர்ந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. கோக்கோத் தூளில் கிராமுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தூளே நாட்டு நாயை நோய்ப்படுத்தும். மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு 30 கிராம் பால் சாக்லேட்டும் மிகுதி என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு கணையத்தைக் கெடுப்பதும் உண்டு. சர்க்கரைக்கு மாற்றாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்கள் வேறு வகையில் நாய்க்குக் கொடியவை. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

தோப்பிலிருந்து மூட்டை வரை

நாய் கோக்கோவைச் சந்திக்கும் இடங்கள் எவை என்று தெரிந்தால்தான் காப்பு எளிதாகும். நம் பகுதிகளில் கோக்கோ ஆண்டுக்கு இருமுறை மிகுதியாகக் காய்க்கிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பருவம், செப்டம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பழுத்த காய்களைப் பறித்து, சில நாள் குவித்து வைத்து, பின் உடைப்பது வழக்கம். மரக்கட்டையால் தட்டியோ, கல்லில் மோதியோ காயைப் பிளந்து, வெண்ணிறச் சதை மூடிய கொட்டைகளை வழித்தெடுக்கின்றனர். இச்சதை மிகவும் இனிப்பானது. மரத்திலேயே அணிலும் எலியும் காயைத் துளைத்துச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே உதிர்த்து விடுவதை எல்லாத் தோப்புக்காரரும் அறிவர். கசப்பான கொட்டையை அணில் விரும்புவதில்லை. நாய்க்கோ அவ்வளவு தேர்ந்த நாக்கு இல்லை. சதையின் இனிப்புக்காகக் கொட்டையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

உடைத்த இடத்தில் சிதறிய கொட்டை முதல் ஆபத்து. இரண்டாவது, கொட்டையைப் புளிக்க வைக்கும் பெட்டியும் கூடையும். நான்கிலிருந்து ஏழு நாட்கள் வரை கொட்டை நொதிக்கும்போது சதை கரைந்து நீராக வடிகிறது. இனிப்பும் புளிப்பும் சாராயமும் கலந்த ஒரு மணம் அப்போது எழும். அம்மணம் நாயை இழுக்கும். கூடையை வெறும் வாழை இலையாலும் சாக்காலும் மூடி வைத்தால் நாய் எளிதில் கிளறிவிடும். நொதிக்கும் காலத்தில் கொட்டையின் உட்பருப்பிலுள்ள தியோபுரோமினில் ஒரு பகுதி மேல்தோலுக்கு நகர்ந்து விடுகிறது. ஆகையால் பருப்பில்லாத வெறும் தோலும் தீங்கற்றது என்று எண்ணலாகாது.

மூன்றாவதும் பெரியதுமான ஆபத்து, களம். நொதித்த கொட்டையை ஐந்து முதல் ஏழு நாட்கள் வெயிலில் பரப்பி, ஈரம் நூற்றுக்கு ஆறேழு பங்காகும் வரை உலர்த்த வேண்டும். அவ்வேளையில் திருட்டுக்கும் எலிக்கும் அஞ்சிக் களத்தின் ஓரத்தில் நாயைச் சங்கிலியால் கட்டி வைப்பது இயல்பு. கட்டுண்ட நாய்க்கு வேலை ஒன்றுமில்லை. எட்டிய தொலைவில் கிடப்பதையெல்லாம் முகரும், கடிக்கும், பொழுதுபோகாமல் விழுங்கும். அவிழ்த்து விட்ட நாய் ஊரைச் சுற்றப் போய்விடும். கட்டிய நாய்தான் ஒரே குவியலை ஒரு வாரம் சுற்றிக் கிடக்கிறது. மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு இந்த நாய்க்கே மிகப் பொருந்தும். இரவில் அதற்கு வயிறாரச் சோறு வைக்காமல் விட்டால் கேட்க வேண்டியதில்லை. காவலுக்கு நாய் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சங்கிலியின் நீளத்தை அளந்து, அதற்கு அப்பால் ஒரு கஜம் விட்டுக் கொட்டையைப் பரப்புக என்றே சொல்கிறோம். தரையில் பரப்புவதைவிட இடுப்பளவு உயர்ந்த தட்டிகளில் உலர்த்தினால் நாய்க்கும் எட்டாது. மண்ணும் தூசும் சேராமல் கொட்டைக்கும் நல்ல விலை கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் உதவாது. அப்போது கொட்டை திண்ணைக்கும் வீட்டின் நடைக்கும் வந்துவிடுகிறது. மழைக்கு ஒதுங்கும் நாயும் அதே திண்ணைக்குத்தான் வருகிறது. அப்பருவத்தில் கொட்டைக்கும் நாய்க்கும் இடையே ஒரு கதவேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரக் கொட்டையாகவே விற்றுவிடுபவர்களுக்கு இத்தொல்லை குறைவு.

அண்மைக் காலத்தில் கொட்டையை வாங்கி, வறுத்து, உடைத்து, சிறு அளவில் சாக்லேட் செய்யும் தொழிலும் பல இடங்களில் தலையெடுத்திருக்கிறது. கொட்டையின் எடையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு தோலாகக் கழிகிறது. வறுத்த தோல் நறுமணமுள்ளது. அதைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பும் பழக்கம் மேலைநாடுகளில் உண்டு. அவ்வாறு பரப்பிய தோலைத் தின்ற நாய் நோய்ப்பட்ட செய்தி அமெரிக்காவின் கால்நடை மருத்துவ ஏட்டில் 1984-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. தோலில் கிராம் ஒன்றுக்கு 5 முதல் 9 மில்லிகிராம் நஞ்சு உண்டு. 35 முதல் 60 கிராம் வரை தின்றாலே நாட்டு நாய் நோய்ப்படும். இத்தோலை எருக்குழியில் இட்டு மண்ணால் மூடி மட்கச் செய்வதே நல்லது. பூந்தொட்டிக்கும் முற்றத்துச் செடிக்கும் போட வேண்டாம்.

குறிகளும் வெறிநோய் என்னும் மயக்கமும்

கோக்கோ தின்ற நாய் உடனே விழுந்துவிடாது. சில மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குறிகள் தோன்றும். முதலில் வாந்தி எடுக்கும். வாந்தியில் கபில நிறமும் கொட்டைத் துணுக்குகளும் இருந்தால் ஐயமே இல்லை. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், கழிச்சல் இவை தொடரும். பின்பு நாய் ஓரிடத்தில் நில்லாமல் உலாவும்; நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்; உடல் சுடும்; சிறு ஓசைக்கும் துள்ளி விழும். நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு எண்ண இயலாத விரைவில் இருக்கும். நஞ்சு மிகுந்தால் கால்கள் பின்னும், தசைகள் நடுங்கும், வலிப்பு வரும். வலிப்பின்போது வாயில் நுரையும் தள்ளும்.

இக்குறிகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தள்ளாடும் நடை, அமைதியின்மை, வாயில் நுரை. இக்கோலத்தில் தெருவில் ஒரு நாய் வந்தால் நம் கிராமத்தில் என்ன நடக்கும்? வெறிநாய் என்று ஒருவர் கூவுவார். தடியும் கல்லும் எடுத்துப் பலர் ஓடி வருவர். பல ஆண்டுகள் தோப்பைக் காத்த நாய், மருத்துவர் கண்ணில் படுமுன் அடிபட்டுச் சாகும். நஞ்சுண்ட நாயில் பிழைத்திருக்கக் கூடியவை இவ்வாறு மடிவது வருந்தத்தக்கது. இது கோக்கோவுக்கு மட்டும் உரியதன்று. எலி மருந்தோ பூச்சி மருந்தோ தின்ற நாயும் இப்படியே நடுங்கும்.

ஆயினும் இதன் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது பெருங்குற்றம். கோக்கோதான் தின்றிருக்கும் என்று எண்ணி, உண்மையில் வெறிநோய் கண்ட நாயின் வாயில் கை வைப்பவர் தம் உயிரையே இழக்க நேரும். வெறிநோய் மனிதருக்குத் தொற்றி, நோய்க்குறி தோன்றிய பின், காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத செயல். வெறிநோயில் நாயின் குணம் மாறும், குரல் மாறும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும், தாடை தொங்கும், கால்கள் செயலற்றுப் போகும். குறி தோன்றிய பத்து நாட்களுக்குள் நாய் இறந்துவிடும். நஞ்சுண்ட நாயோ இரண்டு மூன்று நாளில் ஒன்று தேறும் அல்லது மடியும். ஆனால் முதல் நாளில், தெருவில் நின்று கண்ணால் மட்டும் பார்த்து, இது இன்னது என்று பிரித்தறிவது எவராலும் ஆகாது. ஆகையால் இரண்டுக்கும் ஒரே நடைமுறையைக் கொள்ளுதல் நன்று. நாயைத் தனியே ஓர் அறையிலோ வேலிக்குள்ளோ அடைத்து விடுக, பிள்ளைகளை விலக்குக, அடிக்காமலும் தொடாமலும் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புக. கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தோப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இவ்வேளையில் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மருத்துவரும் நஞ்சின் பக்கமாகவே தம் கவனத்தைச் செலுத்த இயலும்.

செய்யத் தக்கதும் தகாததும்

நாய் கொட்டை தின்றதைக் கண்ணால் கண்டவுடன், குறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்வதே முறை. தின்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றால், மருத்துவர் வாந்தி எடுக்கச் செய்தே பெரும்பகுதி நஞ்சை வெளியேற்றி விடுவார். எத்தனை மணிக்குத் தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, ஈரக் கொட்டையா உலர்ந்ததா, நாயின் எடை என்ன என்னும் நான்கு செய்திகளை அவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிடிக் கொட்டையைத் தாளில் மடித்து எடுத்துச் செல்வதும் உதவும். வண்டி வசதி இல்லாதவர்கள் 1962 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

இந்நஞ்சுக்கு முறிமருந்து என்று ஒன்றும் இல்லை. உடல் தானாகவே அதை வெளியேற்றும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே மருத்துவம். குடலில் எஞ்சிய நஞ்சை ஈர்ப்பதற்கு மருந்துக் கரியைப் பலமுறை கொடுப்பர். இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றுவர். நடுக்கத்துக்கும் இதயத் துடிப்புக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. இதில் ஒரு நுட்பமும் உண்டு. சிறுநீரோடு வெளியேற வேண்டிய தியோபுரோமின், சிறுநீர்ப்பையில் தேங்கி நின்றால் அதன் சுவர் வழியே மறுபடியும் இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவேதான் மருத்துவர் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்து விடுவதுண்டு. மருத்துவம் முடிந்து வீட்டுக்கு வந்த நாயை ஒரே இடத்தில் கட்டிப் போடாமல், கயிற்றில் பிடித்து மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை வெளியே நடத்திச் செல்வது இக்காரணத்தாலேயே நல்லது. தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். மூன்று நாட்கள் வரை கவனம் வேண்டும். சற்றே தேறியது போல் தோன்றி மீண்டும் நடுங்குவதும் உண்டு.

கைவைத்தியத்தைப் பற்றி ஒரு சொல். நாய் நஞ்சு தின்றால் உப்பைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். அது நிறுத்தத் தக்கது. மிகுந்த உப்பு நாயின் மூளையைத் தாக்கி, அதுவே வலிப்பை உண்டாக்கும். கோக்கோவின் நஞ்சோடு உப்பின் நஞ்சும் சேர்ந்துகொள்ளும். புளிக்கரைசல், சோப்பு நீர், எண்ணெய், மோர் என்று ஆளுக்கொன்று சொல்வர். நடுங்கிக் கொண்டிருக்கும் நாயின் வாயைத் திறந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலில் புரையேறி நுரையீரலுக்குச் செல்லும். நஞ்சிலிருந்து பிழைக்கும் நாய் இதனால் சாவதுண்டு. அடுப்புக் கரியைப் பொடித்துக் கொடுப்பதும் பயனற்றது. மருந்துக் கரி வேறு, விறகுக் கரி வேறு. மருத்துவர் தொலைபேசி வழியே இன்னது செய்க என்று சொன்னாலன்றி நாமாக ஒன்றையும் ஊற்றாதிருப்பதே நாய்க்குச் செய்யும் பேருதவி.

ஆடு மாடு கோழிகளுக்கு

கோக்கோக் காயின் ஓட்டை உலர்த்தி மாட்டுக்குத் தீவனமாகச் சேர்க்கலாம் என்று சொல்வோர் இருக்கின்றனர். ஓட்டிலும் தியோபுரோமின் உண்டு. அசைபோடும் பிராணிகள் நாயைவிட இதனைத் தாங்க வல்லவையாயினும், மிகுந்தால் கறவை குறையும். கோழி, பன்றி, குதிரை ஆகியவை எளிதில் தாக்குண்ணும். ஐரோப்பிய நாடுகள் இதுகுறித்து விதியே செய்திருக்கின்றன. பொதுவான கலப்புத் தீவனத்தில் கிலோ ஒன்றுக்கு 300 மில்லிகிராம், பன்றித் தீவனத்தில் 200, நாய், முயல், குதிரைகளின் தீவனத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் தியோபுரோமின் இருத்தலாகாது என்பது அவ்விதி. நாய்க்கு விதித்த எல்லை எவ்வளவு குறுகியது என்பதை இதிலிருந்தே காணலாம். கால்நடை மருத்துவரைக் கேளாமல் ஓட்டையோ தோலையோ தீவனத்தில் கலக்க வேண்டாம். கழிவுக் கொட்டையைக் கோழிக்கு எறிவதும் கூடாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. கோக்கோ விளையும் ஊர்களில் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் நேரத்தையும், விடுமுறை நாளில் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி வைக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை அறுவடைப் பருவத்துக்கு முன்னரே வருமாறு கால்நடைத் துறையினரிடம் கேட்டுப் பெறலாம். கிராம சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தோப்புகளில் கூலிக்கு வேலை செய்யும் ஆண் பெண்களுக்கு இதனை எடுத்துரைக்கலாம்; காய் உடைப்பவர்களும் களத்தைக் கூட்டுபவர்களும் அவர்களே ஆதலால், தோப்புடையவருக்குச் சொல்வதைவிட அவர்களுக்குச் சொல்வதில் பயன் மிகுதி. சுதந்திர தினத்தன்று பள்ளியில் மிட்டாய் வழங்கும்போது, நாய்க்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உடைத்த காய்களின் ஓட்டைப் பற்றியும் பஞ்சாயத்து கருத்துச் செலுத்த வேண்டும். வழித்த பிறகும் அவற்றில் சதையும் ஓரிரு கொட்டைகளும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதையோரத்தில் குவித்தால் தெருநாய்கள் கூடுகின்றன. மழை பெய்தால் கிண்ணம் போன்ற அவ்வோடுகளில் நீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. கருங்காய் நோயின் பூஞ்சையும் அழுகிய ஓட்டிலிருந்து மரத்துக்குத் தாவுகிறது. நாய், கொசு, பூஞ்சை ஆகிய மூன்றுக்கும் ஒரே வழிதான்: காயை உடைத்த அன்றே ஓட்டைத் தோப்பின் ஒரு மூலையில் வெட்டிய குழியில் கொட்டி, சாணக் கரைசல் தெளித்து, அரையடி மண்ணால் மூடிவிட வேண்டும். சில மாதங்களில் நல்ல எருவாகும். அதைத் திரும்பவும் தென்னைக்கே இடலாம்.